படகு எஞ்சினில் ஒயில் ஒழுக்கு: தூக்குவதற்கு முன் பார்க்கவேண்டியவை

தம்பி, நீங்கள் எழுதியதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். உங்களிடம் 28 அடி ஒருநாள் படகு, உள்ளே நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். கிழக்கிலங்கையில் ஒலுவில் துறைமுக வாயை மணல் மூடித் தொல்லை கொடுத்ததால் படகை வாழைச்சேனைக்குக் கொண்டுவந்து கட்டியிருக்கிறீர்கள். பின்னேரம் போய் விடிய வருகிறீர்கள், ஏறத்தாழ 12 மணித்தியால ஓட்டம். ஒவ்வொரு தடவையும் அரை லீட்டர் எஞ்சின் ஒயில் குறைகிறது. எஞ்சினுக்கு அடியில் தேங்கும் தண்ணீரில் கறுப்புப் படலம் நிற்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், பின் சீல் (சுற்றுகிற கிராங் தண்டு எஞ்சினின் பின்பக்கத்தால் வெளியே வரும் இடத்தில் ஒயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினைத் தூக்கவேண்டும் என்கிறார். தூக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குத் தூக்கவேண்டாம். பின் சீலாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூடப் பின் சீலை மட்டும் காட்டவில்லை. லொறியில் எஞ்சின் ஏறத்தாழ மட்டமாக நிற்கும். படகில் அப்படி இல்லை. புரொப்பெல்லர் தண்டு கீழ்நோக்கிப் போகவேண்டும் என்பதால் எஞ்சினும் பின்பக்கம் சரிந்துதான் பூட்டப்பட்டிருக்கும். அப்போது மேலே வால்வு மூடியில் கசிந்தாலும், நடுவில் பில்டரில் ஒழுகினாலும், ஒயில் எஞ்சின் உடம்பைத் தடவிக்கொண்டு பின்னுக்குத்தான் வரும். எஞ்சினின் பின்னால் சுற்றும் கனத்த சக்கரமான பிளைவீலின் கூட்டுக்கு அடியில் வந்து சேர்ந்து, அங்கிருந்து சொட்டும். டோர்ச் அடித்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தச் சொட்டுத்தான் தெரியும். பின் சீல் என்று சொல்வது அவருக்கும் இயல்பு.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு படகில், இதே சொட்டைப் பார்த்து, செயின் புளொக் கட்டி எஞ்சினைத் தூக்கினேன். புதுச் சீல் போட்டேன். திரும்ப இறக்கிப் பூட்டி ஓடவிட்ட அன்றைக்கே அதே இடத்தில் அதே சொட்டு. பிறகு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பார்த்தபோது, எஞ்சினின் பக்கவாட்டில் மேலே இருந்த ஒயில் அழுத்த சுவிட்ச் ஒழுகிக்கொண்டிருந்தது. கட்டை விரல் அளவுச் சாமான். அதன் பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையால் வந்த ஒயில், வயரைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு வந்து பிளைவீல் கூட்டில் இறங்கியிருக்கிறது. அந்தப் படகுக்காரருக்கு ஆறு நாள் தொழில் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து கழுவாத எஞ்சினைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் சந்தேகம், அது எஞ்சின் ஒயில்தானா? படகின் அடியில் எஞ்சின் ஒயில், கியர் பொக்ஸ் ஒயில், டீசல், கிறீஸ், பழைய அழுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் கிடக்கும். டீசல் எஞ்சினுக்குள் ஊற்றிய புது ஒயில் சில மணித்தியாலத்திலேயே கறுத்துவிடும், அதனால் நல்ல கறுப்பு என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஒயில்தான். சிவப்பாக இருந்தால் கியர் பொக்ஸ், ஏனென்றால் பல படகுக் கியர் பொக்ஸ்களுக்குச் ஓட்டோ கியர் வாகனங்களுக்குப் போடும் சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஒயில்தான் ஊற்றுவது. ஆனால் சில கியர் பொக்ஸ்களுக்கு எஞ்சின் ஒயிலையே ஊற்றச் சொல்வார்கள், அப்போது நிறம் உதவாது. உங்கள் கியர் பொக்ஸுக்கும் தனியாக ஒரு டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் அளக்கும் கோல்) இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் அளந்து எழுதிவையுங்கள். எது குறைகிறதோ அதுதான் ஒழுகுகிறது. இதைச் செய்யாமல் எஞ்சினைப் பிரித்து, கடைசியில் கியர் பொக்ஸ் சீல் என்று தெரியவந்த கதைகளும் உண்டு. டீசலை விரலில் தொட்டு மணந்தாலே தெரியும். தெரியாவிட்டால் ஒரு சொட்டை மெல்லிய வெள்ளைத் தாளில் வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். நடுவில் கறுப்பும் சுற்றி வெகுதூரம் பரவிய வெளிறிய வளையமும் வந்தால் டீசல் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது அளவு. இதைத்தான் ஆட்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் பாதி வேலை. 12 மணித்தியாலத்தில் அரை லீட்டர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 42 மில்லிலீட்டர். ஒரு மில்லிலீட்டரில் 20 முதல் 30 சொட்டு இருக்கும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 14 முதல் 21 சொட்டு. அதாவது மூன்று நாலு வினாடிக்கு ஒரு சொட்டு விடாமல் விழவேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும்போது நிமிடத்துக்கு ஒரு சொட்டுத்தான் விழுகிறது என்றால், நீங்கள் கண்டது குற்றவாளி அல்ல, அல்லது அவன் தனியாக இல்லை. மிச்ச ஒயில் வேறு வழியால் போகிறது.

அளக்கிற விதமும் சரியாக இருக்கவேண்டும். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போதும், ஐஸ் ஏற்றிய பிறகும், இறக்கிய பிறகும் டிப்ஸ்டிக் வெவ்வேறு அளவு காட்டும். கட்டிய இடத்தில், அலை இல்லாத நேரம், எஞ்சினை நிறுத்திக் கால் மணித்தியாலம் கழித்து, ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் அளவெடுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். நம் பக்கத்துப் படகுகளில் லொறி எஞ்சினைக் கடலுக்கு மாற்றிப் பூட்டியவை பல. அந்த டிப்ஸ்டிக்கின் கோடு மட்டமாக நிற்கும் எஞ்சினுக்குப் போட்டது. சரிவாகப் பூட்டிய பிறகு, டிப்ஸ்டிக் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது கூட்டியோ குறைத்தோ காட்டும். குறைத்துக் காட்டினால் மேல் கோடு வரைக்கும் என்று ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். உள்ளே ஒயில் கூடிப்போய், சுற்றுகிற கிராங் அதை அடித்து நுரையாக்கி, கிடைக்கும் வழியெல்லாம் வெளியே தள்ளும். பழைய ஒயிலை முழுதாக எடுத்துவிட்டு, எஞ்சின் புத்தகத்தில் சொன்ன லீட்டர் கணக்கில் புது ஒயில் ஊற்றி, பில்டர் நிறையும்படி கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் அது எங்கே நிற்கிறதோ அங்கே புதுக்கோடு போட்டுவிடுங்கள். மேல் கோட்டுக்கு ஊற்றினால் கிடுகிடுவென்று குறைந்து, நடுவுக்கு வந்ததும் குறைவது நின்றுவிடுகிறது என்றால், நோய் இதுதான்.

ஒயில் குறைகிறது என்பதற்காக அது வெளியேதான் ஒழுகுகிறது என்றும் இல்லை. புகையில் நீலச்சாயல் இருந்தால் எரிகிறது. கடல் தண்ணீரால் குளிரவைக்கும் ஒயில் கூலர் உங்கள் எஞ்சினில் இருந்தால், அதன் உள்குழாய் உப்பில் அரித்து ஓட்டை விழுந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் கடல் தண்ணீரின் அழுத்தத்தைவிட மிகக் கூட. அதனால் ஒயில் தண்ணீருக்குள் போய்ப் படகுக்கு வெளியே கொட்டிவிடும். எஞ்சின் அடியில் ஒரு சொட்டும் இருக்காது. காலையில் காற்று இல்லாத நேரம் எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீர் வெளியே விழும் இடத்தில் வானவில் நிறப் படலம் விரிகிறதா பாருங்கள். பார்த்தால் உடனே படகை நிறுத்தவேண்டிய விஷயம் அது. ஏனென்றால் எஞ்சின் நின்றபிறகு அழுத்தம் போய்விடும், அப்போது அதே ஓட்டையால் உப்புத் தண்ணீர் ஒயிலுக்குள் வரலாம். டிப்ஸ்டிக்கில் பால் தேநீர் நிறம் தெரிந்தால் தண்ணீர் வந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் இரண்டு சொட்டு ஒயிலைச் சூடான தட்டில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். அந்த எஞ்சினை அதற்குப் பிறகு ஓட்டவேகூடாது.

நன்னீர் சுற்றும் எஞ்சின் என்றால் ஆறியபிறகு தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் திறந்து பாருங்கள். மேலே ஒயில் மிதந்தால் கூலரோ ஹெட் கஸ்கட்டோ (சிலிண்டர் தலைக்குக் கீழே வைக்கும் அடைப்புத் தகடு) என்று தேடவேண்டும்.

இதெல்லாம் இல்லை, வெளியேதான் ஒழுகுகிறது என்று தெரிந்தபிறகு, எந்தச் சீலையும் தொடுவதற்கு முன் நான் பார்ப்பது எஞ்சினின் மூச்சுக்குழாயை. பிரீதர் என்பார்கள். எந்த நல்ல எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே சம்புக்குள் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) இறங்கும். அந்தக் காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். வால்வு மூடியிலோ எஞ்சின் பக்கவாட்டிலோ ஒரு ஹோஸ் இருக்கும், அதுதான். அந்த ஹோஸ் நசுங்கினாலோ, உள்ளே இருக்கும் கம்பி வலை ஒயிலும் தூசும் சேர்ந்து அடைத்தாலோ, காற்றுக்கு வழி இல்லாமல் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். சீல்கள் அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்குச் செய்தவை அல்ல. எது பலவீனமோ அதால் ஒயில் வெளியே வரும், பெரும்பாலும் பின் சீலால். அப்போது பின் சீல் உண்மையிலேயே ஒழுகும், ஆனால் சீலில் பிழை இல்லை. புதுச் சீல் போட்டாலும் ஒரு மாதத்தில் அதுவும் ஒழுகும். ஒருமுறை ஒரு படகில் ஒயில் புகை மணக்கிறது என்று அந்த ஹோஸுக்குள் துணியை அடைத்துவிட்டிருந்தார்கள். துணியை எடுத்தவுடனேயே ஒழுக்கு பெரும்பகுதி நின்றுவிட்டது.

இதைச் சோதிப்பது சுலபம். எஞ்சின் சூடானபின் மெதுவான ஓட்டத்தில் வைத்து, ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே வாயின்மேல் பூட்டாமல் சும்மா வையுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சில எஞ்சினில் ஒயில் தெறிக்கும். மூடி மெல்லத் துடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தால் நல்லது. துள்ளி விழுந்தால், புகை புகையாய்த் தள்ளினால், அழுத்தம் கூட. பிரீதர் ஹோஸைக் கழற்றிவிட்டுத் திரும்பச் செய்து பாருங்கள். இப்போது அடங்கிவிட்டால் அடைப்புத்தான், கழுவினால் தீர்ந்தது. கழற்றிய பின்னும் துள்ளுகிறது, பிரீதரால் நீராவி எஞ்சின் மாதிரி புகை வருகிறது என்றால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. அப்போது பேச்சே வேறு. சீலுக்குச் செலவழிக்கும் காசு வீண், எஞ்சினை முழுதாகச் செய்யவேண்டும்.

இனித் தேடல். இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, மேலிருந்து கீழ்வரை ஒயில் கரைக்கும் திரவம் பூசித் தூரிகையால் தேய்த்து, கழுவித் துடையுங்கள். ஓல்டர்னேற்றர், ஸ்டார்ட்டர், காற்று உறிஞ்சும் வாய் மூன்றையும் பொலித்தீனால் மூடிக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீரை அப்படியே வெளியே இறைக்காதீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன். அடியில் இருக்கும் தண்ணீரையும் முழுதாக எடுத்துக் காயவிடுங்கள். காய்ந்த எஞ்சினில், சந்தேகமான இணைப்புகள் எல்லாவற்றிலும் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். ஒயில் எங்கே முதலில் வருகிறதோ அங்கே பவுடர் கறுத்துக் கோடு விழும். எஞ்சினுக்கு அடியில், முன்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, பிளைவீல் கூட்டின் கீழ் ஒன்று, கியர் பொக்ஸின் கீழ் ஒன்று என்று தனித்தனிக் கார்ட்போர்ட் துண்டுகளை வைத்து, எது எங்கே இருந்தது என்று எழுதுங்கள்.

பிறகு நின்றபடியே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் சுமையில் ஓட்டவேண்டும், ஏனென்றால் சில ஒழுக்குகள் ஒயில் நன்றாகச் சூடாகி இளகிய பிறகுதான் வெளியே வரும். படகை முன்னும் பின்னும் நல்ல கயிற்றால் கட்டி, கியரைப் போட்டு, பாதி வேகத்துக்கு உயர்த்தலாம். இறங்குதுறையில் மற்றப் படகுகளுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் செய்யுங்கள், ஒருவர் கட்டுப்பாட்டை விட்டு நகராமல் நிற்கட்டும். அதைவிட நல்லது, முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு மணித்தியாலம் ஓட்டி வருவது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது சாரத்தோடு அதன் பக்கத்தில் இறங்கவேண்டாம். பெல்ட்டும் தண்டு இணைப்பும் துணியின் ஒரு நுனியைப் பிடித்தால் போதும், ஆளை இழுத்துவிடும். காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கையில் துண்டு வைத்துக்கொண்டு துடைக்கப் போகாதீர்கள். டீசல் ஊசிகளுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்கள் பக்கம் கையால் தடவிக் கசிவு தேடவும் கூடாது. அதில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே கார்ட்போர்ட் துண்டைப் பிடித்துப் பார்ப்பதுதான் முறை.

பவுடரில் பிடிபடாத ஒழுக்குக்கு ஒயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் ஒன்று இருக்கிறது. ஒயிலுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள், ஏசிக்கு வேறு சாயம். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச் அடித்தால் இரவில் மஞ்சள் பச்சையாக மின்னும். அதில் பார்த்தால் ஒயிலின் பாதை முழுதும் தெரியும். எங்கே தேடினாலும் மேலே, முன்னே என்று கண்ணைக் கொண்டுபோங்கள். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றிலும் உயரமும் முன்பக்கமுமாக இருக்கிறதோ, அதிலிருந்து தொடங்குங்கள். பெல்ட்டோ பிளைவீலோ ஒயிலை வீசியடித்தால் மட்டும் இந்தக் கணக்குப் பிழைக்கும்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் நிறையச் சொல்லும். எஞ்சினில் சில இடங்களில் ஒயில் பம்பின் அழுத்தத்தோடு இருக்கும், ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 40, 50 இறாத்தல். பில்டர், அழுத்த சுவிட்ச், கூலர் ஹோஸ்கள், டேர்போ இருந்தால் அதற்குப் போகும் குழாய் எல்லாம் இந்த வகை. இவை ஓடும்போது மட்டும் ஒழுகும், வேகத்தைக் கூட்டினால் ஒழுக்கும் கூடும், எஞ்சினை நிறுத்தினால் நின்றுவிடும். ஒரு சிறு வெடிப்பிலிருந்தே ஒரு இரவில் எஞ்சினைக் காலியாக்கும் சக்தி இவற்றுக்கு உண்டு. வால்வு மூடி, சம்ப், முன் பின் சீல்கள் இன்னொரு வகை, இங்கே ஒயில் தெறித்து நனைக்கிறதே தவிர அழுத்தம் இல்லை. பெரும்பாலும் கசிவு, மிஞ்சினால் சொட்டு. உங்களுடையது மூன்று நாலு வினாடிக்கு ஒரு சொட்டு என்று கணக்குப் பார்த்தோம் அல்லவா, அதனால் நான் முதலில் அழுத்தம் உள்ள இடங்களைத்தான் சந்தேகிக்கிறேன். எஞ்சினை நிறுத்தி, காய்ந்த கார்ட்போர்ட்டை வைத்து ஓர் இரவு விடுங்கள். விடிய அதில் புதிதாக ஒயில் இருந்தால் சம்பையும் அதன் அடைப்பான் போல்ட்டையும் பார்க்கவேண்டும். சரிவு கூடிய எஞ்சினில் பின்பக்கம் ஒயில் மட்டம் உயர்ந்து நிற்பதால் பின் சீலும் அப்படிக் கசியலாம்.

பில்டரில் தொடங்குங்கள். கடைசியாக ஒயில் மாற்றிய பிறகுதான் ஒழுக்குத் தொடங்கியதா? அப்படியென்றால் பில்டரைக் கழற்றி, பழைய றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் முதலில் பிடிக்கும், பிறகு அழுத்தத்தில் வழுக்கி வெளியே வரும். புது வளையத்தில் ஒயில் தடவி, முகம் தொட்டபின் கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான் இறுக்கம். பில்டரின் தகட்டையும் பாருங்கள். பின்னால் தண்டு உள்ளே வரும் பாக்கிங்கில் தண்ணீர் கூடச் சொட்டினால், சுற்றும் இணைப்பு அதை எஞ்சின் முழுதும் வீசும். அந்த உப்புத்தான் பில்டர் தகட்டையும், சம்பையும், இரும்புக் குழாய்களையும் துருப்பிடிக்க வைப்பது. பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தை ஸ்க்ரூட்ரைவர் நுனியால் மெல்லக் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அங்கே தகடு இல்லை. சம்பின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, கைத்தொலைபேசிக் கமராவை நீட்டி ஒரு வீடியோ எடுத்தால் தெரியும். தேங்கிய தண்ணீரில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சம்ப் ஓட்டையாவது படகில் சாதாரணம்.

அழுத்த சுவிட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள், முனையில் ஒயில் இருக்கவே கூடாது. கூலர் ஹோஸ்களை மடித்துப் பாருங்கள். வால்வு மூடியின் கஸ்கட் காய்ந்திருந்தால் மாற்றுவது மலிவு, ஆனால் போல்ட்டை ஓங்கி இறுக்காதீர்கள், தகட்டு மூடி வளைந்து இன்னும் மோசமாகும்.

கடல் தண்ணீர் பம்பை ஆட்கள் மறந்துவிடுவார்கள். கியரால் ஓடும் பம்ப் என்றால், அதன் உடம்பின் அடியில் சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர்ச் சீல், மறுபக்கம் ஒயில் சீல், இரண்டுக்கும் நடுவில் அந்தத் துவாரம். எது போனாலும் அடையாளம் வெளியே வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ச் சீல், ஒயில் சொட்டினால் ஒயில் சீல். ஒழுகுகிறது என்று அந்தத் துவாரத்தை எபொக்சி வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம். அடைத்தால் கடல் தண்ணீர் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் போக நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி.

முன் சீல் போயிருந்தால் பெல்ட் கப்பிக்கு நேரே, வட்டமாக வீசியடித்த கோடு சுற்றிலும் விழுந்திருக்கும். ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இத்தனையும் காய்ந்து கிடக்கிறது, பிரீதர் சுத்தம், மூடி துள்ளவில்லை, ஆனால் பிளைவீல் கூட்டின் அடித்துவாரத்தால் மட்டும் கறுப்பு ஒயில் வருகிறது, கியர் பொக்ஸ் மட்டம் குறையவில்லை. அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. பின் சீல்தான். பல படகுகளில் பின்னுக்கு இடம் இருந்தால், தண்டு இணைப்பைக் கழற்றி, கியர் பொக்ஸையும் கூட்டையும் பின்னுக்கு இழுத்தே சீலை எட்டலாம், எஞ்சினை முழுதாகத் தூக்கத் தேவையில்லை. எஞ்சினின் பின் கால்கள் அந்தக் கூட்டில்தான் பூட்டியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், அப்படியென்றால் எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். திறந்தபின் கிராங்கில் சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அதே இடத்தில் புதுச் சீல் நிற்காது. கொஞ்சம் முன்னோ பின்னோ தள்ளிப் போடவேண்டும், அல்லது மெல்லிய உறை ஏற்றவேண்டும். கியர் பொக்ஸின் முன் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது தண்டும் கியர் பொக்ஸும் நேராக இருக்கின்றனவா என்பதைப் படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் சரிபார்க்கவேண்டும். கரையில் ஏற்றிவைத்த படகின் உடம்பு வளைந்திருக்கும், அங்கே பார்த்த நேர் தண்ணீரில் நேராக இருக்காது. நேர் தவறினால் அதிர்வு, அதிர்ந்தால் புதுச் சீலும் போகும்.

எந்தக் கஸ்கட் போட்டாலும் சிலிக்கோனை அள்ளிப் பூசாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது உடைந்து சம்பில் விழுந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சின் கடலில் இறுகிவிடும். ஒழுக்கை நிறுத்தும் என்று விற்கும் போத்தல் மருந்துகளையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. காய்ந்த சீலை அது கொஞ்ச நாள் உப்பவைக்கும். கிழிந்த சீலுக்கும், ஓட்டை விழுந்த சம்புக்கும், வெடித்த ஹோஸுக்கும் ஒன்றும் செய்யாது.

கழுவிய தண்ணீர் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அடியில் ஒயில் இருக்கும்வரை படகடித் தண்ணீரைத் தானாக இறைக்கும் பில்ஜ் பம்பின் சுவிட்சைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றிவையுங்கள். படகை விட்டுப் போகும் முன் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும், அது உண்மைதான். ஆனால் நீங்கள் தூங்கும்போது அந்தப் பம்ப் ஒயிலை வாவிக்குள் இறைத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல். வாழைச்சேனை வாவியும் சரி, மட்டக்களப்பு வாவியும் சரி, ஆழம் குறைந்தவை. உள்ளே போன ஒயில் கண்டல் வேர்களிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும். இறால் குஞ்சு வளர்வதும், வீச்சு வலைக்காரர் வயிறு வளர்ப்பதும் அங்கேதான். சவர்க்காரத் தூள் போட்டால் படலம் மறையும், ஒயில் போகாது, உடைந்து கீழே இறங்கும். இலங்கையில் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டமும் இதற்கு இருக்கிறது. ஒயில் மிதக்கும்போது தேங்காய்த் தும்பையோ கொட்டன் வேஸ்ட்டையோ போட்டு உறிஞ்சி எடுத்து, மிச்சத்தைப் பழைய கானில் வடித்து, பாவித்த ஒயில் எடுக்கும் சேர்விஸ் இடத்தில் கொடுங்கள்.

கடைசியாக, இதைக் கண்டுபிடிக்கும்வரை தொழிலுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். இப்போது கச்சான் (தென்மேல் காற்று) காலம், கடல் அமர்ந்திருக்கிறது, ஒரு நாளையும் விட மனம் வராது. எனக்குத் தெரியும். எஞ்சினைப் பிரிக்கவேண்டி வந்தால் வாடையில் (வடகீழ் காற்றில்) கடல் கொந்தளிக்கும் மாதங்களில் செய்வதுதான் எல்லோருக்கும் வசதி. ஒழுக்கு அரை லீட்டரிலேயே நிற்கிறது, ஒயில் அழுத்தமானி பழைய இடத்திலேயே நிற்கிறது, வருவது சொட்டுத்தான், சூடான சைலன்சர் குழாய்ப் பக்கம் போகவில்லை என்றால், நாலு லீட்டர் ஒயிலைக் கூடவே வைத்துக்கொண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி அளந்து ஊற்றிப் போய்வரலாம். ஒவ்வொரு அளவையும் எழுதுங்கள். அரை லீட்டர் முக்கால் லீட்டராகும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஒயில் எங்கிருந்தாவது பீச்சினாலோ, சைலன்சரில் பட்டுப் புகைந்தாலோ, டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தாலோ அன்று கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். கரையில் எஞ்சின் தீப்பிடித்தால் ஓடலாம், நடுக்கடலில் எங்கே ஓடுவது?

பவுடர் தூவிப் பார்த்த பிறகு கறுத்த இடத்தையும், இரண்டு டிப்ஸ்டிக் அளவுகளையும், மூடி துள்ளியதா இல்லையா என்பதையும் எனக்கு எழுதுங்கள். நாலு கார்ட்போர்ட் துண்டுகளையும் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.